கேட்பதற்கு முன் கண்ணில் படுவது: ஓர் இசைவகையின் தோற்றத்தை அட்டையில் கொண்டுவருதல்

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் நண்பர்களின் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிடப் போகிறது. இசை மெதுவானது, இருண்டது, கிதாரும் எலெக்ட்ரானிக் ஒலிகளும் அடர்ந்து கலந்தது, பாடல் வரிகள் குறைவானது. உங்களுக்குப் புகைப்படம் எடுக்கத் தெரியும், வடிவமைப்பு ஓரளவு பழக்கம். அட்டையைப் பார்த்த கணத்திலேயே இது எந்த வகை இசை என்று ஒருவர் உணர்ந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒவ்வோர் இசைவகைக்கும் இன்ன நிறம், இன்ன எழுத்துரு, இன்ன விதமான படம் என்று ஏதேனும் விதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் சேர்த்திருக்கும் கவலைதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: விதிப்படி செய்தால் பத்தோடு பதினொன்றாகிவிடும், விதியை விட்டுவிட்டால் யாருக்கும் புரியாமல் போய்விடும், இரண்டுக்கும் நடுவில் எப்படி நிற்பது?

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் அட்டைகளை வடிவமைப்பதும் இசைக்குழுக்களைப் படமெடுப்பதும் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். அதில் பெரும்பகுதி ஜாஸ், ராக், மெட்டல் ஆகிய வகைகளைச் சேர்ந்தது. நடன அரங்குகளுக்கான எலெக்ட்ரானிக் இசைக்கு நான் செய்த அட்டைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே உங்கள் நண்பர்களின் இசையில் அந்தப் பக்கச் சாயல் அதிகம் என்றால், நான் சொல்வதை ஒரு பார்வையாளனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விதி உண்டா என்பதில் உறுதியாகத் தெரிந்த பகுதி சிறியது. ஒலிக்கும் உருவத்துக்கும் இடையே மனிதர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தொடர்பைக் காண்கிறார்கள் என்பது அதில் ஒன்று. உல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் 1929இல் பொருளற்ற இரண்டு சொற்களையும் இரண்டு கோட்டுருவங்களையும் வைத்து இதை எடுத்துக்காட்டினார். வல்லோசைச் சொல்லைக் கூர்முனை உருவத்துக்கும், மெல்லோசைச் சொல்லை வளைந்த உருவத்துக்கும் பொருத்தவே பெரும்பாலோர்க்குத் தோன்றுகிறது. நிறத்தைப் பற்றி 2013இல் ஸ்டீபன் பாமரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஹ், மோட்சார்ட், பிராம்ஸ் ஆகியோரின் இசைப்பகுதிகளை அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் சிலரைக் கேட்கவைத்து, பொருந்தும் நிறங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேகமான, மகிழ்ச்சி தொனிக்கும் மேஜர் ஸ்வரவரிசை இசைக்குச் செறிவும் வெளிச்சமும் மஞ்சள் சாயலும் கொண்ட நிறங்களையும், மெதுவான, சோகம் தொனிக்கும் மைனர் ஸ்வரவரிசை இசைக்கு மங்கிய, இருண்ட, நீலம் சார்ந்த நிறங்களையும் இரு நாட்டினரும் ஏறக்குறைய ஒரே விதமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இசையும் நிறமும் நேராக இணைவதில்லை, இரண்டும் ஒரே உணர்ச்சியை எழுப்புவதால் இணைகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்த முடிவில் உங்களுக்கு உதவியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. மெதுவான இருண்ட இசைக்கு நீலம் கலந்த மங்கல் நிறம் பொருந்தும் என்று உங்கள் கை தானாகச் சொன்னால், கை தவறு செய்யவில்லை. ஆனால் அந்த நிறம் மனநிலையைச் சொல்லுமே தவிர வகையைச் சொல்லாது. சோகமான ஜாஸும் சோகமான நாட்டுப்புறப் பாடலும் அதே நீலத்தில்தான் வந்து நிற்கும்.

வகையைப் பிரித்துக் காட்டுவது வழக்கு, அதாவது பழகிப் படிந்துபோன மரபு. வழக்கு என்பது யாரோ உட்கார்ந்து வகுத்த விதி அன்று என்பதைப் புரிந்துகொள்ள, அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 1930களின் இறுதிவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்றுத்தாள் உறையிலோ, தலைப்பு மட்டும் பொறித்த கெட்டி அட்டைத் தொகுப்பிலோதான் விற்பனைக்கு வந்தன. கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் அந்த வெற்றுப்பரப்பில் ஓவியத்தைக் கொண்டுவந்த பிறகுதான், ஓர் இசைவகைக்கென்று தனி முகம் உண்டாவதற்கே இடம் பிறந்தது. 1948இல் நீண்டநேர இசைத்தட்டு அறிமுகமானபோது அதற்கான அட்டை உறையை உருவாக்கியவரும் அவரே.

ஜாஸ் என்றதும் மனத்தில் எழும் தோற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்புவெள்ளைப் படம், அதன்மேல் ஒரே ஒரு சாய நிறம், துணிந்து வைத்த பெரிய எழுத்துகள், தாராளமான வெற்றிடம். இதில் மிகப் பெரும் பங்கு நியூயார்க்கின் ப்ளூ நோட் நிறுவனத்தில் பணியாற்றிய இரண்டு பேருடையது. பெர்லினிலிருந்து வந்து நிறுவனத்தின் பங்காளியான ஃபிரான்சிஸ் வுல்ஃப், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கேமராவுடன் கலைஞர்களுக்கிடையில் நடமாடியவர். 1950களின் நடுவிலிருந்து 1967 வரை ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை இரக்கமில்லாமல் வெட்டி, சாய்த்து, ஓரத்துக்குத் தள்ளி, ஏறத்தாழ 500 அட்டைகளை உருவாக்கினார். மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது, அவர் விரும்பிக் கேட்டது மேற்கத்திய செவ்வியல் இசை என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி. வகையின் ரசிகராக இருந்தால்தான் அதன் தோற்றத்தைப் பிடிக்க முடியும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது, அந்தத் தோற்றம் எவ்வளவு தூரம் சூழ்நிலையின் விளைவு என்பது. ஒலிப்பதிவு அறையில் வெளிச்சம் போதாது, ஆகவே ஃப்ளாஷ். ஃப்ளாஷ் எட்டாத பின்புலம் கறுப்பாகிவிடும். கலைஞர் வேலையில் இருக்கிறார், ஆகவே கேமராவைப் பார்ப்பதில்லை. நான்கு நிற அச்சு செலவு பிடிக்கும், ஆகவே ஒன்றிரண்டு மை. இத்தனை நெருக்கடியும் சேர்ந்து, "இரவில் சிலர் கவனமாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே வாக்கியத்தை உலகுக்குச் சொல்லிவிட்டன. அந்த இசையைப் பற்றி அதைவிடத் துல்லியமாக வேறு எதையும் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை.

பங்க் இசையின் தோற்றமும் அப்படித்தான் பிறந்தது. ரமோன்ஸ் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்துக்கு ராபர்ட்டா பெய்லி எடுத்த படத்தில் செங்கல் சுவரும் தோல்மேலாடை அணிந்த நான்கு பேரும் தவிர எதுவும் இல்லை. மறு ஆண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்காக ஜேமி ரீட் செய்தித்தாள் எழுத்துகளை வெட்டி, கடத்தல்காரனின் மிரட்டல் கடிதம்போல ஒட்டினார். கத்தரிக்கோல், பசை, நகல் இயந்திரம் ஆகிய மூன்றும் எவருக்கும் எட்டக்கூடியவை; மூன்றே ஸ்வரக்கட்டுகளில் யாரும் பாட்டுக் கட்டலாம் என்ற அந்த இசையின் கொள்கையும் அதுவே. இன்று அதே தோற்றத்தைத் தரும் எழுத்துருவைப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம்தான். ஆனால் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒரே மாதிரி கிழிந்திருக்கும். எங்கேயோ பொய் இருக்கிறது என்று கண் உடனே பிடித்துவிடும். ஒரு தோற்றத்தை எடுத்துக்கொள்ளும்போது அதைப் பெற்றெடுத்த செய்முறையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இனி செய்முறைக்கு வருகிறேன். இதை விளக்க எனக்கு நம் திணை மரபைவிடப் பொருத்தமான கருவி கிடைத்ததில்லை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு முதலியவை, பறையும் யாழும் அவற்றில் அடக்கம். உரிப்பொருள் என்பது அங்கே நிகழும் உணர்ச்சி. கடற்கரையும் பொழுது சாயும் வேளையும் வந்தாலே இரங்கல் வந்துவிடுகிறது, யாரும் அழவேண்டியதில்லை. புதிதாக அட்டை செய்பவர்களில் பெரும்பாலோர் கருப்பொருளை மட்டும் அடுக்குகிறார்கள்: மெட்டலுக்கு மண்டையோடு, ஜாஸுக்கு சாக்ஸபோன், எலெக்ட்ரானிக் இசைக்கு நியான் கோடுகள், நாட்டுப்புற இசைக்கு மரத்தாலான கிதார். நிலமும் பொழுதும் அவற்றில் இல்லை. எனவே அவை பெயர்ப்பலகையாக நின்றுவிடுகின்றன. பெயர்ப்பலகையும் தேவைதான், ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் நின்று பார்ப்பதில்லை.

முதற்பொருளிலிருந்து தொடங்கிய அட்டைகளையும் படங்களையும் பாருங்கள். பிளாக் சபாத் குழுவின் 1970ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் முன்பக்கத்தில் இசைக்கருவி இல்லை, குழுவினரும் இல்லை. இங்கிலாந்தின் மேப்பிள்டர்ஹம் நீராலைக்கு முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். கீத் மக்மிலன் அதை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால் இலைகளும் புற்களும் தமக்குரிய நிறத்தை இழந்து நோயுற்றவைபோல் தெரிகின்றன. ஹெவி மெட்டலுக்கு அப்போது இன்ன தோற்றம் என்ற வழக்கு உருவாகியிருக்கவில்லை. இந்தப் படம் இடத்தையும் பொழுதையும் கொண்டே அச்சத்தைச் சொல்லிவிட்டது. கெவின் கம்மின்ஸ் 1979 ஜனவரியில் மான்செஸ்டரில் எடுத்த ஜாய் டிவிஷன் படம் இன்னொன்று: பனி மூடிய பாலம், வெள்ளைப் பரப்பு, அதன் நடுவே சிறியவர்களாக நான்கு பேர். அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவருக்கும் அந்த ஒலியின் குளிர் புரிந்துவிடும். மன்ஃப்ரெட் ஐஷர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனமோ இதை ஒரு தனி ஆல்பத்தோடு நிறுத்தாமல் நிறுவனத்துக்கே முகமாக்கிக்கொண்டது; கடல், வானம், தொடுவானம், ஆளில்லாத சாலை என்று வரும் அதன் அட்டைகளை அலமாரியில் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம்.

என் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் அது தவறிலிருந்து தொடங்குகிறது. மிக மெதுவான, கனமான இசை வாசிக்கும் ஒரு குழுவுக்கு முதல் நாள் முழுவதும் கறுப்புத் திரைக்கு முன்னால் படமெடுத்தேன். நால்வரையும் நிறுத்தி, பக்கவாட்டு விளக்கில் ஒவ்வொருவர் முகத்திலும் பாதியை இருட்டாக்கினேன். ஒன்றுகூடத் தேறவில்லை, ஏதோ போலீஸ் வழக்கில் சிக்கிக்கொண்ட நான்கு பேர்போல இருந்தார்கள். மறுநாள் ஒத்திகை அறையில் அவர்கள் வாசித்துவிட்டு வெளியேறிய பிறகு, ஆம்ப்ளிஃபையர்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் அணையாமல் இருந்த அறையை, கேமராவை முக்காலியில் வைத்து 30 நொடி எக்ஸ்போஷரில் எடுத்தேன். அதுதான் அட்டையாயிற்று. அவர்களுடைய இசையில் முக்கியமானது ஸ்வரத்தைத் தட்டும் கணம் அன்று, தட்டிய பிறகு அது தேய்ந்து மறைய எடுத்துக்கொள்ளும் நேரம். அதை முதல் நாளே காது எனக்குச் சொல்லியிருந்தது, நான்தான் பழக்கத்தின் பேச்சைக் கேட்டேன்.

ஒலியின் குணத்தைக் கேமராவின் குணமாக மாற்றுவது பற்றி நான் சொல்லப்போவது என் தொழிற்பழக்கம். மேலே சொன்ன ஆய்வுகளின் உறுதி இதற்கு இல்லை. 1/1000 நொடியில் எடுத்த படம் வியர்வைத் துளியையும் தலைமுடியையும் காற்றில் உறைய வைக்கும். கூர்மையாக அடித்து உடனே நிற்கும் டிரம்ஸ் இசைக்கு அது பொருந்துகிறது. 1/8 நொடியில் கை அசைந்த தடம் பதியும். நீண்டு ஒலிக்கும் இசைக்கு அது உறவு. 24 மி.மீ. லென்ஸை முகத்துக்கு ஓரடி தூரத்தில் கொண்டுபோனால் மூக்கும் கையும் பார்ப்பவரை நோக்கிப் பாயும். பங்க் இசையும் ஹிப்ஹாப்பும் இந்த நெருக்கத்தை விரும்பிப் பயன்படுத்துகின்றன. 135 மி.மீ. லென்ஸ் ஆளையும் பின்புலத்தையும் ஒரே தளமாக அழுத்தி, பார்ப்பவரை ஒதுங்கி நிற்கவைக்கும். கலைஞர் கேமராவை நேராகப் பார்த்தால் அங்கே ஓர் ஆளுமை உங்களிடம் பேசுகிறது. வேறெங்கோ பார்த்தால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாமும் கேட்க அழைக்கப்படுகிறோம். ஒலிப்பதிவில் எதிரொலி அதிகம் என்றால் ஆளைச் சுற்றி வெற்றிடமும் அதிகம் வைப்பேன். இவற்றில் எதையும் சூத்திரமாகக் கொள்ள வேண்டாம், ஆனால் படமெடுக்கப் போகும் முன் ஆல்பத்தை இரண்டு முறை கேட்டு இந்தக் கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிக்கொள்வது நல்லது.

தொழில்நுட்பக் குறை எப்போது குணமாகிறது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணத்தையே நானும் காட்டுகிறேன். 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில், தி கிளாஷ் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி அடிக்கும் கணத்தைப் பென்னி ஸ்மித் எடுத்தார். படம் ஃபோகஸ் தப்பியது என்பதால் அதை அட்டையில் போடவேண்டாம் என்று அவரே தடுத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அதுதான் வேண்டும் என்று நின்றார். பெரும்பாலும் கதை இத்தோடு முடிக்கப்படுகிறது. எனக்கு அதைவிடச் சுவையானது, ரே லோரி அந்தப் படத்தின்மீது வைத்த எழுத்து: எல்விஸ் பிரெஸ்லியின் 1956ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் இருந்த இளஞ்சிவப்பு, பச்சை எழுத்தமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். படம் உடைப்பதைச் சொல்கிறது, எழுத்து பரம்பரையைச் சொல்கிறது. மங்கலான படம் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு மேடைக் காட்சியாகவே நின்றிருக்கும்.

எழுத்தின் வேலை படிக்கப்படுவது மட்டும் என்று நினைத்தால் இந்தத் துறையில் பாதி புரியாது. 1960களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவின் இசை அரங்குகளுக்கு வெஸ் வில்சனும் விக்டர் மொஸ்கோசோவும் வரைந்த போஸ்டர்களில் எழுத்துகள் உருகி வழிந்து, இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்பின. மொஸ்கோசோ ஏல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பெர்ஸிடம் நிறக்கோட்பாடு படித்தவர். எதிர் நிறங்களை ஒரே அழுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிம்பு அதிரும் என்பதைத் தவிர்க்கவேண்டிய பிழையாகக் கற்று, அதையே முறையாக்கிக்கொண்டார். நின்று, தலையைச் சாய்த்து, நேரம் செலவிட்டால்தான் படிக்க முடியும். அந்த இசையும் கேட்பவரிடம் அதைத்தான் கேட்டது. மெட்டல் இசையின் கடுமையான கிளையான பிளாக் மெட்டலின் குழு லோகோக்கள் இதன் மறுகோடி. உலர்ந்த கிளைகளும் வேர்களும் பின்னியதுபோன்ற அந்த எழுத்துகளை வெளியாள் படிக்கவே முடியாது, உள்ளே இருப்பவருக்குப் படிக்கத் தேவையில்லை. அங்கே எழுத்து ஒரு வாசற்கதவு. மோட்டர்ஹெட் போன்ற குழுக்கள் பெயரின் உயிரெழுத்துமேல் இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டது உச்சரிப்புக்காக அன்று, கனத்துக்காக.

இப்போது உங்கள் கவலைக்கு நேரடியாக வருகிறேன். ஓர் அட்டையில் வகையைச் சொல்லும் வாயில்கள் நான்கு: படத்தின் பொருள், நிறம், எழுத்து, இவற்றை அடுக்கிய முறை. என் பழக்கம், மூன்றை வழக்கின் எல்லைக்குள் வைத்து ஒன்றை மட்டும் மீறுவது. நான்கையும் வழக்கில் வைத்தால் நீங்கள் பயப்படும் பத்தோடு பதினொன்று. இரண்டுக்குமேல் மீறினால் பார்ப்பவருக்குப் பிடிமானம் போய்விடும். டெஃப்ஹெவன் குழு 2013இல் வெளியிட்ட ஆல்பத்தைப் பாருங்கள். இசையில் பிளாக் மெட்டலின் அலறலும் வேகமும் இருக்கின்றன; அட்டை முழுக்க வெளிறிய இளஞ்சிவப்பு. அந்த ஒரே மீறலால், இது பிளாக் மெட்டல்தானா என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது, சண்டையிட்ட எல்லோரும் ஆல்பத்தையும் கேட்டார்கள். 1983இல் நியூ ஆர்டர் குழுவின் எலெக்ட்ரானிக் இசைக்குப் பீட்டர் சாவில், ஃபான்டான் லாத்தூர் என்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியரின் ரோஜாக் கூடையை அட்டையில் வைத்தார். அதன் மூலையில் இயந்திரம் படிப்பதுபோன்ற நிறக்கட்டங்களைச் சேர்த்ததால் பழைய ஓவியம் புதிய இசைக்கு உரியதாயிற்று. கட்டங்கள் இல்லாத ரோஜா செவ்வியல் இசைத்தட்டாகத் தெரிந்திருக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற என் கணக்கை எவரும் நிரூபித்துக் காட்டியதில்லை, சாவிலேகூட அதைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால் முதல் அட்டை செய்பவருக்கு அது ஒரு கைத்தடியாக உதவும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. இசைத்தட்டின் உறை ஏறத்தாழ 31 செ.மீ. சதுரம், குறுந்தட்டு 12 செ.மீ., கைப்பேசிப் பட்டியலில் உங்கள் அட்டை ஒரு விரல்நுனி. 3000 பிக்சல் சதுரமாகத்தான் கோப்பைக் கொடுப்பீர்கள், ஆனால் முடிவெடுக்க வேண்டியது 60 பிக்சலில். அந்த அளவில் ஒரே ஓர் உருவமும் ஓர் ஒளி வேறுபாடும் மட்டுமே பிழைக்கும். செயலிகளில் பலரும் கறுப்புப் பின்னணியைப் பயன்படுத்துவதால், விளிம்புவரை கறுப்பாக உள்ள அட்டை அதில் கரைந்து வடிவமே இழந்துவிடும். இருண்ட இசைக்கு அட்டை செய்யும் உங்களுக்கு இது முக்கியம், விளிம்பில் சற்றே வெளிச்சம் விடுங்கள். பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜாய் டிவிஷனின் 1979ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் முன்பக்கத்தில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லை, கறுப்பில் ஒரு துடிப்பு விண்மீனின் அலைக்கோடுகள் மட்டும். அன்று அது துணிச்சல். இன்று பெயரைச் செயலியே படத்துக்குக் கீழே எழுதிவிடுகிறது, ஆகவே சிறிய எழுத்தைச் சதுரத்துக்குள் திணிப்பது வீண்.

உங்கள் ஆல்பத்துக்கு நான் என்ன செய்வேன் என்றால், முதலில் மங்கல் படத்தை ஒதுக்கிவைப்பேன். கிதார் ஒலிகள் அடர்ந்து மூடும் இசைக்கு, மங்கலாக்கிய கிதார் படத்தோடு 1991இல் வந்த மை பிளடி வேலண்டைன் ஆல்பம் அவ்வளவு அழுத்தமான முத்திரையை இட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த மங்கல் அட்டைகள் பலவும் அதன் நிழலில் நிற்கின்றன. பிறகு குழுவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மூன்று கேள்விகள் கேட்பேன்: இந்த இசை எந்த இடத்தில் நடக்கிறது, எந்தப் பொழுதில், கேட்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் குரல் ஓங்கியவரின் பதில்தான் கிடைக்கும். இரண்டு பேர் பதிலாவது ஒத்துப்போகும் இடத்துக்கு, அதே பொழுதில், கருவிகள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் போய்ப் படமெடுங்கள், ஒருமுறை போதாது, மூன்று முறையாவது. குழுவினரின் விளம்பரப் படங்களையும் அதே ஒளியில் அங்கேயே எடுத்துவிட்டால், அட்டை, போஸ்டர், மேடைத் திரை எல்லாம் ஒரே உலகமாக இருக்கும். ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை ஆல்பம் முழுவதற்கும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்துருவை விலைக்கு வாங்கினாலும் இலவசமாகப் பெற்றாலும் அதன் உரிம நிபந்தனையைப் படித்துவிடுங்கள். படத்தில் அடையாளம் தெரியும்படி யாராவது வந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல அட்டை கேட்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுமா என்றால், அதற்கு நான் வாக்குறுதி தரமாட்டேன். பட்டியல்களும் பரிந்துரைகளும் முடிவு செய்வதில் அட்டையின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். தவறான அட்டை தவறான ஆட்களை அழைத்துவரும் என்பதை மட்டும் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே முடிந்த வரைவை, இசையை இதுவரை கேட்காத மூன்று பேரிடம் கைப்பேசியில் காட்டுங்கள். இது எந்த வகை இசை என்று கேட்காதீர்கள். வகைப் பெயர்களைக் கேட்டால் எல்லோரும் தேர்வெழுதுவதுபோல் ஆகிவிடுவார்கள். வேகமா மெதுவா, பகலா இரவா, பக்கத்திலா தொலைவிலா என்று மட்டும் கேளுங்கள். மூன்றில் இருவர் சொன்னது குழுவினர் உங்களிடம் சொன்ன பதில்களோடு ஒத்துப்போனால் கோப்பை அனுப்பிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிப் பார்த்து நேரத்தைச் செலவிடவேண்டாம், அதே இடத்துக்கு வேறு பொழுதில் போய் மீண்டும் எடுங்கள்.